பன்னிரண்டு விநாடி

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஆர்வில் பெட்டிவே, வயது எண்பத்தெட்டு.
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல
மைக்கைப் பார்க்கிறார்.
ஹெட்போன் வேண்டாமாம், தொப்பி நசுங்கும்.

கிளீவ்லாந்தில் பிப்ரவரி.
ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் அடிக்கிறது.
எங்கள் வானொலி நிலையம் ஒரு பழைய வங்கியின் நிலவறை.
பெட்டகம் இருந்த இடத்தில்
இப்போது ஒன்பதிலிருந்து பத்துவரை ஜாஸ்.

டெனீஸ் ஸூப்பன் மஞ்சள் தாளில்
கேள்விகளை எழுதி வந்திருந்தாள்.
யார் யாரோடெல்லாம் வாசித்தீர்கள்?
"யாரோட வாசிச்சாலும் பேஸைத் தூக்கினது நான்தான்.
டோலீடோ பஸ்ஸுல அதுக்கும் டிக்கெட் கேட்டான்.
கையில ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு.
அது உட்கார்ந்து வந்தது."

அறுபத்திரண்டில் மேடையிலேயே பதிவான தட்டு.
அதன் இரண்டாம் பக்கத்தில்
நாலு ஆவர்த்தனம் உங்கள் பேஸ் நின்றுபோகிறது.
வெறுமையின் தத்துவம் என்று
கட்டுரை எழுதியிருக்கிறார்களே, என்றாள் டெனீஸ்.

"தத்துவமா?
மூணு மாச வாடகை பாக்கி.
வீட்டுக்காரன் கதவைத் திறந்துட்டு உள்ளே வந்தான்.
பேஸுக்குப் பின்னாடி குனிஞ்சுட்டேன்.
என் உயரத்துக்கு அது தாராளம்."

நான் சிரித்ததில்
காப்பி தாளில் கொட்டியது.
டெனீஸும் சிரித்தாள். அதே சிரிப்போடு, யோசிக்காமல்,
அடுத்த கேள்விக்குப் போனாள்:
அந்த நாலு ஆவர்த்தனத்தையும் ஒற்றை ஆளாய்த் தாங்கியவர்
டிரம்ஸ் ராஸ்கோ டிப்ஸ்.
அதன்பிறகு அவரோடு ஏன் வாசிக்கவே இல்லை?

எங்கள் நிலையத்தில் ஓர் இயந்திரம் உண்டு.
பன்னிரண்டு விநாடி சத்தமில்லை என்றால்
யாரோ செத்துவிட்டதாக எண்ணி
தானே எதையாவது எடுத்துப் போடும்.

நாலாவது விநாடி. தொப்பியைக் கழற்றினார்.
ஏழு. வெப்பக் குழாய் ஒருமுறை முனகியது.
பத்து. டெனீஸ் என்னைப் பார்க்கிறாள்.
நிறுத்தும் பொத்தான்மேல்தான் இருந்தது என் விரல்.
அழுத்தியிருக்கலாம்.
கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

பன்னிரண்டு.
நகரம் முழுக்கக் குளிர்கால டயர் விளம்பரம்.
நாலு டயர் வாங்கினால் சக்கரச் சீரமைப்பு இலவசம்,
பின்னால் ஒரு பித்தளைக் கூச்சல்.
தொடங்கிவிட்டால் முப்பது விநாடிக்கு அதை நிறுத்த முடியாது.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் அவரும் கேட்டார்.
வலக்கையின் இரண்டு விரல்கள்
மேசை விளிம்பை இழுக்கத் தொடங்கின,
டயருக்கு அடியில்
ஒரு நடை.
நடந்துகொண்டே சொன்னார்:

"பதினெட்டு டாலர்.
அவன் எனக்குத் தரணும்னு நினைச்சேன்.
முப்பது வருஷம் நினைச்சேன்.
அவனைப் புதைச்ச வாரம்
பழைய நோட்டைப் புரட்டினா,
நான்தான் அவனுக்குத் தரணும்."

ஊர் கேட்டது டயரை.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்ததும் டெனீஸ்,
மன்னிக்கணும், ஒரு தொழில்நுட்பக் கோளாறு, என்றாள்.
"கோளாறெல்லாம் இல்லை," என்றார் அவர்,
தொப்பி மீண்டும் தலையில்.
பிறகு தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பேசினார்.
ராத்திரி மூணு மணிக்கு அது பிடிக்கிற சுருதி
அவர் பார்த்த முக்கால்வாசிப் பாடகர்களுக்கு வராதாம்.
டெனீஸின் தாளில் ஆறு கேள்வி மிச்சம்.

வெளியே போகும்போது
என் கதவருகில் நின்றார்.
"அது பதிவாச்சா?"
எது என்று நான் கேட்கவில்லை. ஆச்சு என்றேன்.
"டயர்க்காரனுக்கு ஒரு பிரதி அனுப்பு.
டிரம்ஸ் பையன் அவசரப்படறான்."

வண்டி நிறுத்தின சீட்டை நீட்டினார்.
எங்கள் முத்திரை விழுந்தால் அவருக்குக் கட்டணம் இல்லை.
மை காய்ந்திருந்தது.
ஒருமுறை குத்தினேன். விழவில்லை.
மைப்பெட்டியில் எச்சில் தொட்டுத் தேய்த்து
இரண்டாம் முறை.

இடையில் இருந்ததைத்
தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.